இவர் சொன்ன பிறகு

ஜூன் 5

மணி மூன்று ஆகப்போகிறது. எழுதி வைத்துவிடுகிறேன். இல்லாவிட்டால் காலையில் எல்லாம் கனவோ என்று தோன்றிவிடும்.

மாமாவுக்கு இன்று கண் புரை ஆபரேஷன். மத்தியானம் கூட்டிவர வேண்டியவர் இவர். சாயங்காலம் கண்ணாஸ்பத்திரியிலிருந்து எனக்கு போன்: பெரியவர் கறுப்புக் கண்ணாடியோடு வராந்தா பெஞ்சில் தனியாக இருக்கிறார், யாரும் வரவில்லை. இவர் போன் அணைந்து கிடந்தது. சுகாதார நிலையத்தில் பார்மசியைப் பூட்டிவிட்டு ஆட்டோ பிடித்தேன். விபத்தோ என்று வழியெல்லாம் வயிறு கலங்கியது.

ராத்திரி மொட்டைமாடிக்குக் கூப்பிட்டு இவரே சொன்னார். வண்ணார்பேட்டையில் மரத்தடியில் காரை நிறுத்தி உள்ளேயே உட்கார்ந்து ஆபாசப் படம் பார்த்துக்கொண்டிருந்தாராம். பத்து நிமிஷம் என்று ஆரம்பித்தது சார்ஜ் தீரும்வரை போயிருக்கிறது. இன்றைக்கு மட்டும் இல்லை. பாலிடெக்னிக்கில் பழகியது. 2016-ல் டேட்டா மலிந்ததும் கூடியது. லாக்டவுனில் வேலை போனதும் தினப்படியாகிவிட்டது. இப்போது ஆபீஸ் பாத்ரூமில்கூட. பட்டன் போனுக்கு மாறிப் பார்த்தாராம். பிறகு எனக்குத் தெரியாமல் இன்னொரு டச் போன் வாங்கினாராம்.

“குடிச்சாலாவது வாடை அடிச்சிருக்கும், நீ கண்டுபிடிச்சிருப்ப. பாக்கும்போது சந்தோஷமும் இல்ல. ஆனா நிப்பாட்டவும் முடியல.”

சந்தோஷம் இல்லாமலா ஒருவர் பார்ப்பார்? என்னிடம் கதை.

ஜூன் 6

பேசவில்லை. மாமாவுக்குச் சொட்டு மருந்து விட்டேன். மாவு புளித்துவிட்டது.

ஜூன் 9

அக்காவிடம் சொல்லலாம் என்று பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பினேன். என்னவென்று சொல்வது? குடிக்கிறார் என்றால் அக்கா கூட உட்கார்ந்து அழுவாள். வேறு பொம்பளை என்றால் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வருவாள். இதைச் சொன்னால் ஒன்று சிரிப்பாள், இல்லை என்னை மேலும் கீழும் பார்ப்பாள். அந்தப் பார்வையை நானே கண்ணாடியில் பார்த்தாயிற்று. குறை எனக்கா, வயதுக்கா, இந்த நைட்டிக்கா? கேவலமான யோசனைதான். வருகிறது.

ஜூன் 11

மணி 1:40. இவர் தூங்குகிறார். போனை ஹாலுக்கு எடுத்துவந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. அழித்திருப்பார்.

ஜூன் 14

டிவியில் வழக்கமாக வரும் வைத்தியர். “இளைஞர்களே” என்று தொடங்கி, நரம்புத் தளர்ச்சி, கைப்பழக்கம், கல்யாணத்துக்கு லாயக்கில்லை என்று மிரட்டல். எந்தத் தேதியில் எந்த ஊர் லாட்ஜில் இருப்பார் என்று அடியில் ஓடுகிறது. நான் மாற்றப் போனேன். இவர், “நான் போயிருக்கேன்” என்றார்.

கல்யாணத்துக்கு முன், ஜங்ஷன் பக்கம் ஒரு லாட்ஜில். முதல் மாசச் சம்பளத்தில் பாதிக்கு லேகியம் கொடுத்து, விந்து போகப் போக உயிர் போகும் என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள். பயத்தை மறக்க எதைப் பார்த்தாராம்? அதையேதான். எனக்கு இவர்மேல் இருந்த கோபம் அப்படியே அந்த லாட்ஜுக்குத் திரும்பிவிட்டது.

இந்தப் பயத்தை நரேந்திர நாத் விக் என்ற இந்திய மனநல மருத்துவர் 1960-லேயே ‘தாத் நோய்க்குறி’ என்று பெயரிட்டு எழுதியிருக்கிறார். உடம்புக்கு ஒரு கேடும் இல்லை, மனசுதான் நோகிறது. அதற்கப்புறமும் எத்தனை லாட்ஜ், எத்தனை லேகியம். எங்கள் கவுண்டரிலும் பையன்கள் வருவார்கள். எங்கேயோ பார்த்துக்கொண்டு “சத்து மாத்திரை” என்பார்கள். பி காம்ப்ளெக்ஸ் வாங்கிக்கொண்டு போவார்கள். கேட்க வந்தது அதுவல்ல என்று எனக்குத் தெரியும்.

ஜூன் 20

மத்தியானம் கூட்டமில்லை. கம்ப்யூட்டரில் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலைத் திறந்தேன். இருக்கிறது. ‘கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தைக் கோளாறு’ என்று தமிழில் சொல்லலாம். 2019-ல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் பதினோராம் பதிப்பில் வந்திருக்கிறது. குடி, சூதாட்டத்தோடு சேர்க்கவில்லை. உந்துதலை அடக்க முடியாத கோளாறுகளில், தேவையில்லாமலே திருடும் நோய்க்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். அமெரிக்க மருத்துவர்கள் 2013-ல் தங்கள் பட்டியலில் இது மாதிரி ஒன்றைச் சேர்க்காமல் விட்டார்கள். அடிமைத்தனமா இல்லையா என்று சண்டை இன்னும் ஓடுகிறது.

குற்றப்பத்திரிகை மாதிரி ஒவ்வொன்றாக டிக் அடித்தேன். ஆறு மாசத்துக்கு மேல். வேலை, உடம்பு, பொறுப்பு எல்லாம் கைவிட்டுப் போவது. நிறுத்த முயன்று முயன்று தோற்பது. கெடுதல் தெரிந்தும் தொடர்வது. அப்புறம், அதில் இன்பம் குறைந்தோ இல்லாமலோ போன பிறகும் தொடர்வது.

அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றேன்.

கடைசியில் ஒன்று எழுதியிருக்கிறார்கள். இது தப்பு, பாவம் என்ற உறுத்தல் மட்டுமே இருந்தால் அது நோய் ஆகாது. எரிச்சலாக வந்தது. என் அருவருப்பை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

ஜூன் 23

இவர் 14416-க்கு அடித்தார். டெலி மனாஸ். 2022 அக்டோபர் 10-ல் மத்திய அரசு ஆரம்பித்தது. காசில்லை, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். எங்கள் சுவரில் போஸ்டர் ஒட்டியது நான்தான்.

மாடியில் நின்று பேசினார். படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன், குரல் மட்டும் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. இறங்கி வந்து, “அந்தப் பொண்ணு பதறவே இல்ல. தண்ணி குடிச்சிட்டுப் பேசுங்கன்னுச்சு. பெரியாஸ்பத்திரில மனநலப் பிரிவுக்குப் போகச் சொல்லுது” என்றார்.

நல்லதுதான். ஆனால் என்னிடம் சொல்ல இத்தனை வருஷம், முகம் தெரியாத பெண்ணிடம் ஒரே மூச்சில்.

ஜூன் 26

மணி 2:10. பார்த்தேன். இல்லை.

ஜூலை 1

ஓ.பி. வரிசையில் தெரிந்த முகம் வந்துவிடுமோ என்று நான்தான் மாஸ்க் போட்டுக்கொண்டேன். இவர் நிமிர்ந்துதான் நின்றார்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். என்ன படம் என்று அவள் கேட்கவே இல்லை. நான் அதற்காகத்தான் பயந்து போயிருந்தேன். தூக்கம், பசி, வேலை, குடி, சாக வேண்டும் என்ற நினைப்பு உண்டா, இதெல்லாம்தான் கேட்டாள். கடைசிக் கேள்விக்கு இவர் கொஞ்சம் தாமதித்து “எப்பவாவது” என்றார். எனக்குக் கை சில்லிட்டது. அவள் அதை விட்டுவிடாமல் தோண்டித் தோண்டிக் கேட்டாள்.

அப்புறம் எப்போது பார்க்கிறீர்கள், அதற்குச் சற்றுமுன் என்ன நடந்தது என்றாள். யோசித்துவிட்டு, “லோன்காரன் மெசேஜ் வந்தா. ஞாயித்துக்கிழமை சாயங்காலம்” என்றார். ஆசைக்கு முன்னால் ஒரு பதற்றம் வருகிறது, அதை அமர்த்த வேறு வழி தெரியாததால் கை போனுக்குப் போகிறது, அமர்ந்ததும் வெட்கம், வெட்கமே அடுத்த பதற்றம். இப்படித்தான் சுற்றுகிறது என்றாள். உந்துதல் வந்தால் சண்டை போட வேண்டாம், ஏறி இறங்கும்வரை பார்த்துக்கொண்டு இருங்கள், நோட்டில் நேரத்தையும் அதற்கு முந்தைய சங்கதியையும் குறித்துக்கொண்டு வாருங்கள் என்றாள்.

மனச்சோர்வுக்கு எஸ்சிடலோபிராம் 10 மி.கி. தினமும் நான் அடுத்தவர்களுக்கு எண்ணிக் கொடுக்கிற அதே மாத்திரை. பாலியல் ஆசையும் குறையலாம் என்று அவளே சொல்லிவிட்டாள். குடிக்குக் கொடுக்கிற நால்ட்ரெக்சோனை இதற்கும் சிலர் முயல்கிறார்களாம், இப்போதைக்கு வேண்டாம். மாத்திரை துணைக்குத்தான், பேச்சு சிகிச்சைக்கு வர வேண்டும்.

தடுக்கிற ஆப் போட்டு பாஸ்வேர்டை நான் வைத்துக்கொள்ளட்டுமா என்றேன். அவர் விரும்பினால் போடலாம், பாஸ்வேர்டு உங்களிடம் வேண்டாம், நீங்கள் போலீஸ் இல்லை என்றாள். வெளியே வந்ததும் இவர் வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார். “2015-ல கவர்மென்டே 857 சைட்ட மூடுச்சு. கொஞ்ச நாள்ல தளர்த்திட்டாங்க. 2018-ல கோர்ட்டு சொல்லி மறுபடி 827. எனக்கு ஒரு ராத்திரிகூடத் தடை இல்ல.” அந்தக் காலத்து சரோஜாதேவி மஞ்சள் புத்தகத்துக்காவது கடைசிப் பக்கம் என்று ஒன்று உண்டாம்.

கிளம்பும்போது அவள் என்னிடம், “நீங்க தூங்குறீங்களாம்மா?” என்றாள். நோயாளி நான் இல்லையே.

ஜூலை 4

காலையிலிருந்து குமட்டல் இவருக்கு. மாத்திரைதான். ஒரு வாரத்தில் சரியாகும்.

ஜூலை 10

குறுக்குத்துறையில் படித்துறையில் உட்கார்ந்திருந்தோம். ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது. சுண்டல் வாங்கித் தந்தார். நோட்டைக் காட்டினார், எல்லா வரியிலும் லோன் லோன் என்று இருக்கிறது. எந்த லோன் என்றேன். வீட்டு லோனுக்கு மேல் இரண்டு ஆப் கடன், எனக்குத் தெரியாமல்.

நிஜமான கோபம் அப்போதுதான் வந்தது. படித்துறை என்றும் பாராமல் கத்திவிட்டேன். திரும்பி வரும் வழியில் என் வளையலை வைத்து எதை முதலில் அடைப்பது என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தோம். என்னமோ, இத்தனை நாளில் இன்றைக்குத்தான் புருஷன் பெண்டாட்டி மாதிரி சண்டை போட்டோம்.

ஜூலை 19

பல் தேய்த்துக்கொண்டே சொன்னார், நேற்று ராத்திரி பார்த்துவிட்டாராம். ரொம்ப நேரம். நான் வேலைக்குப் போய்விட்டேன். எல்லாம் வீண்.

ஜூலை 22

டாக்டரிடம் காட்டுமுன் நோட்டை என் முன்னால் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். பதினெட்டாம் தேதி வரி:

‘12:50. முழிப்பு வந்தது. ஹாலில் வெளிச்சம். அவள் என் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் படுத்த பிறகு பதற்றம். 1:30-லிருந்து.’

மேலே புரட்டினால் இதே மாதிரி இன்னும் சில வரிகள். அந்த ராத்திரிகளில் பார்க்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

மாடியில் மிளகாய் வற்றல் காய்கிறது, மழை வரும்போல இருக்கிறது.

ஜூலை 30

நேற்று டாக்டர் நோட்டைப் படித்துவிட்டு இவரிடம் நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்றாள். சறுக்கினதற்கா பாராட்டு என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. என்னை எதுவும் சொல்லவில்லை. அடுத்த செவ்வாய் வரும்போது என் பெயரிலும் ஓ.பி. சீட்டு போடச் சொன்னாள். அன்றைக்குத்தான் எங்களுக்கு மருந்து இருப்பு சரிபார்ப்பு. லீவு கேட்டால் காரணம் கேட்பார்கள். காய்ச்சல் என்று சொல்லலாமா என்று பார்க்கிறேன்.