வட்டங்களை ஓடவிட்ட பேராசிரியர்



எங்கள் வீட்டு பீரோவில், நிலப்பத்திரங்களுக்கு அடியில் பழுப்பேறிய அட்டை ஒன்று இருக்கிறது. என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, திண்டிவனத்துப் பால்வாடியில் மாதந்தோறும் எடை பார்த்துப் புள்ளி வைத்துக் கொடுத்த வளர்ச்சி அட்டை அது. ஏழரைக் கிலோ என்று அவர்கள் கூறியபோது அது நிறைவா, குறைவா என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் மேலேறி வந்த கோடு ஒன்பதாம் மாதத்துக்குப் பின் படுத்துவிட்டதைக் கண்டதும் அடிவயிறு கலங்கிற்று. மறுநாள் முதல் பேருந்திலேயே அவளைத் தோளில் போட்டுக்கொண்டு விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அந்தக் குழந்தைதான் இன்று விழுப்புரத்துக்கு நாள்தோறும் ரயிலில் சென்று கணிதப் பட்டப்படிப்பை முடிக்கப்போகிறாள். மேற்கொண்டு சென்னையில் புள்ளியியல் படிக்க வேண்டுமாம். எண்களைப் படமாக்கிக் காட்டும் கலையில் தேற வேண்டுமாம். "பெண்பிள்ளை படம் வரைந்து என்ன ஆகப்போகிறது? பி.எட். படிக்கட்டும்" என்றார் அவளுடைய பெரியத்தா. நானும் தலையாட்டினேன் என்பதை உங்களிடம் மறைப்பானேன்?

அன்றிரவு மகள் தன் கைப்பேசியில் ஒரு சொற்பொழிவைக் காட்டினாள். 2006ஆம் ஆண்டு, சுவீடன் நாட்டுப் பேராசிரியர் ஹான்ஸ் ரோஸ்லிங் ஆற்றியது. திரையில் ஒவ்வொரு நாடும் ஒரு வட்டம். மக்கள்தொகை பெருத்தால் வட்டமும் பெருக்கும். ஓர் அச்சில் ஒரு தாய்க்கு எத்தனை பிள்ளைகள் என்ற கணக்கு; மற்றதில் சராசரி ஆயுள். 1962இல் பிள்ளைகள் மிகுதியும் ஆயுள் குறைவுமாக ஒதுங்கி நின்ற நம் இந்தியா, ஆண்டுகள் ஓட ஓட நகர்ந்து மேலேறுகிறது. பந்தய வர்ணனையாளரைப்போல் அவர் துள்ளித் துள்ளிப் பேசுகிறார். அந்த மொழி எனக்குப் புரியவில்லை, படம் புரிந்தது.

அவர் வரலாற்றை மகள் சொல்லக் கேட்டேன். உப்சாலாவில் புள்ளியியலும் மருத்துவமும் பயின்றவர். 1972இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரிக்கு வந்து, சிறுநீரக எக்ஸ்ரே ஒன்றை நம் மாணவர்கள் விளக்கிய ஆழத்தைக் கண்டு, மேலைநாட்டார்தாம் உயர்ந்தவர் என்ற எண்ணத்தை அங்கேயே இறக்கி வைத்தவர். பின்னர் மொசாம்பிக்கில் மருத்துவப் பணி. 1981இல் அங்கே ஏழைகளின் கால்களை முடக்கிய நோயை ஆராய்ந்தார். வறட்சிக் காலத்தில், கசப்பு மரவள்ளியின் நஞ்சு நீங்குமாறு பக்குவப்படுத்தாமல் உண்டதே அதன் மூலம். (நம் கள்ளக்குறிச்சிப் பக்கம் மரவள்ளி விளைவிப்போர் இதைக் கேட்டால் வியப்பார்கள்.)

கரோலின்ஸ்கா நிறுவனத்தில் பேராசிரியரானபின், குழந்தை இறப்பு எந்த நாட்டில் அதிகம் என்று தம் மாணவர்களிடம் இரண்டிரண்டு நாடுகளாக ஐந்து வினாக்கள் கேட்டார். சராசரியாகச் சரியானவை 1.8. கண்ணை மூடிக்கொண்டு தொட்டிருந்தால்கூட 2.5 கிடைத்திருக்கும்! அறியாமையைவிடத் தவறான அறிவு பொல்லாதது என்று கண்டார். மகன் ஓலாவும் மருமகள் அன்னாவும் உருவாக்கிய அந்த வட்டப்படங்களை ஊர் ஊராகக் கொண்டு சென்றார். அந்த மென்பொருளை 2007இல் கூகுள் வாங்கிற்று. 2017இல் மறைந்தார், மூவரும் சேர்ந்து எழுதிய நூல் மறு ஆண்டு வெளிவந்தது.

காலையில் பீரோவைத் திறந்து அந்த அட்டையை எடுத்துப் பெரியத்தாவின் முன் வைத்தேன். "மச்சான், அன்று இந்தப் படத்தை ஒருவர் வரைந்து தராதிருந்தால் எனக்கு என்ன தெரிந்திருக்கும்?" என்றேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படுத்த கோட்டின்மேல் விரலை வைத்து மெல்ல நகர்த்தினார். அது மீண்டும் எழும் பதின்மூன்றாம் மாதத்தில் விரல் நின்றது. வெகுநேரம் பேசவில்லை. பிறகு, சென்னையில் விடுதிக் கட்டணம் எவ்வளவு என்று மட்டும் கேட்டார்.