இரு முகம், ஒரு வார்

கண்டி மீராமக்காம் பள்ளிவாசலில் லுஹர் தொழுதுவிட்டு மஹியங்கனை வீதி பஸ்ஸில் ஏறினேன். தென்னக்கும்புரையில் மகாவலியைக் கடந்தால் குண்டசாலைப் பக்கம். அங்கே ஓர் ஒழுங்கைக்குள் மேளம் செய்யும் வயோதிபர் ஒருவர் இருக்கிறார்.

"என்ன நானா, மேளம் வாங்கவா?" சிங்களத்தில் கேட்டுச் சிரித்தார்.

"இல்லை பாஸ் உன்னஹே, வேலையைப் பார்க்கத்தான்."

கண்டிப் பெரஹராவில் முழங்கும் 'கெட்ட பெரய'தான் அவர் கைவேலை. பெயரைக் கேட்டு நகைக்க வேண்டாம். சிங்களத்தில் அது முடிச்சு, புடைப்பு என்று பொருள்படும். கொன்றை, வேம்பு, பலா போன்ற மரத்தைக் குடைந்து உடலைச் செய்கிறார்கள். நடு பருத்து, இரு முனையும் ஒடுங்கியிருக்கும். அடிப்பவரின் சாண் கணக்கில் நீளம் எடுப்பதால், ஆளுக்கு ஆள் மேளமும் வேறு.

இடது முகத்துக்கு மாட்டுத் தோல், கனத்த ஓசை. வலது முகத்துக்கு மெல்லிய தோல், கூரிய ஓசை. இரண்டையும் இழுத்துப் பிடிப்பது நெடுக ஓடும் தோல் வார். வீணைக்குப் பிரடை எப்படியோ, இதற்கு வார் அப்படி. மழை ஈரத்தில் தோல் தளரும். வாரை இழுத்துச் சரிசெய்ய வேண்டும்.

"ஒரு பக்கத்துக்காக அளவு மீறி இழுத்தால் மற்றப் பக்கம் பேசாது, நானா" என்றார். மாட்டுத் தோல் எங்கே வாங்குகிறீர்கள் என்றேன். கை நின்றது. இந்த வீதியில் இறைச்சிக்கடை வைத்திருந்த முஸ்லிம் ஒருவரிடம்தான் பல காலம் வாங்கினாராம்.

2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய பகுதிகளில் நம்மவர்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. நாட்டில் அவசரநிலை பிரகடனமானது. அந்தக் கடையும் எரிந்தது. "நெருப்பு அணைந்த பின் நான் போனேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்" என்றார் பெரியவர். கடை மீண்டும் திறந்ததும் முதல் தோலை வாங்கியவரும் அவரே.

1626இல் போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களுக்குக் கண்டி மன்னர் செனரத் அடைக்கலம் தந்ததை நாம் பெருமையோடு சொல்கிறோம். கண்டி இராச்சியத்தில் பொதிமாடுகளில் பண்டம் சுமந்தவர்களும் நம் முன்னோரே. அது மன்னர் காலத்துக் கதை. இன்று அந்த வாரைத் தளரவிடாமல் பிடிப்பவர்கள் இப்படிப்பட்ட சாதாரண மனிதர்கள்தான்.

இசை பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் கையுழைப்பின் கண்ணியத்திலும் அயலவர் உரிமையிலும் வேறுபாடு இல்லை. நம் அயலவரிடம் நாமும் ஒரு முறை சும்மா போய் உட்கார்ந்து வரலாமே!