பின்னுக்கு எத்தனை இருக்கு?

சிட்னியில் பிளாக்டவுன் ரயில் நிலையத்தைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் சந்தைதான் ஞாபகம் வருகிறது. அங்கே பெரியப்பாவின் கடை. முன்னுக்குத் தராசு, பின்னுக்கு மூட்டை அடுக்கிய அறை. "தம்பி, பின்னுக்கு எத்தனை இருக்கு, பாத்துக்கொண்டு வா" என்பார். நான் ஓடிப்போய் எண்ணி வந்து சொல்லும்வரை வாங்க வந்தவருக்கு வாக்குக் கொடுக்கமாட்டார்.

இங்கே மச்சான் கடை நடத்துகிறார். 2021 ஜூன் கடைசியில் கொரோனாவால் சிட்னி முடங்கியது. பிறகு பிளாக்டவுனுக்குக் கட்டுப்பாடு இன்னும் கடுமையானது. சாமான் வாங்கவும் வீட்டிலிருந்து 5 கிலோமீற்றருக்குள்தான் போகலாம். அவசரம் அவசரமாக ஒரு இணையக்கடை திறந்தோம். இருப்பும் கணக்கும் இருந்தது கடைக் கணினியில், வேறொரு மென்பொருளில். ஒன்றில் நடப்பது மற்றதற்குத் தெரியாது. இரவு கடை பூட்டிய பிறகு மச்சாள் ஓடர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கணக்கில் பதிவா.

ஒரு வெள்ளிக்கிழமை, கடைசி ஒடியல் மா பக்கெட் கடையில் விற்றுப்போனது. இணையத்தில் அது இருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தது. கூழ் காய்ச்சவென்று ஒரு அம்மா அதற்குக் காசு கட்டிவிட்டா. நான் அழைத்துச் சொன்னபோது, "பரவாயில்லைத் தம்பி" என்றா. அந்தக் குரல் இன்னும் காதில் நிற்கிறது.

அடுத்த நாளே இரண்டையும் இணைக்க உட்கார்ந்தேன். பாடாய்ப்படுத்தியது பெயர்தான். இணையக்கடையில் 'ஒடியல் மா 500 கிராம்', கணக்கில் 'பனை மா சின்னது'. கணினிக்கு அவை இரண்டு சாமான். இந்தியப் பக்கெட்டில் 890 என்றும் இலங்கைப் பக்கெட்டில் 479 என்றும் தொடங்கும் பார்கோடு கைகொடுத்தது. நாங்களே நிறுத்துக் கட்டிய மிளகாய்த்தூளுக்கு அது ஏது? சொந்தமாக இலக்கம் வைத்தோம். வரி வேறு: 2000 ஜூலை 1 முதல் இந்த நாட்டில் ஜிஎஸ்டி 10 சதவீதம். அரிசிக்கு இல்லை, முறுக்குக்கு உண்டு. இரண்டும் ஒரே ஓடரில் வந்தால் சாமான்வாரியாகப் பிரித்துக் கணக்குக்கு அனுப்பவேண்டும்.

இருப்பை இரண்டு இடத்திலும் திருத்தலாமே என்றார் மச்சான். நான் விடவில்லை. எண்ணிக்கை கணக்கு மென்பொருளில் மட்டும். இணையக்கடை அதைக் கேட்டுவந்து சொல்லட்டும், சுன்னாகத்தில் நான் ஓடியதுபோல. 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடினால் காணாது. அந்த இடைவெளியில்தான் ஒரே பக்கெட் இருவருக்கு விற்கும். விற்ற உடனேயே செய்தி போகும்படி வைத்தோம். அப்படியும் ஒன்றிரண்டு நொடி பிந்தும் என்பதால், கடைசி இரண்டு பக்கெட்டை இணையத்தில் காட்டுவதில்லை.

பெரியப்பாவும் சுவரோரம் ஒரு மூட்டையை எப்போதும் ஒதுக்கியே வைத்திருப்பார். அதை விட்டுவிட்டு எண்ணச் சொல்வார்.

இணையக்கடையைக் கணக்கோடு இணைக்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலில் ஒருநாள் கடையைப் பூட்டிவிட்டு, இருக்கும் சாமான் அத்தனையையும் கையால் எண்ணுங்கள். நாங்கள் எண்ணியபோது, கணக்கில் முடிந்துபோயிருந்த ஒடியல் மா மூன்று பக்கெட் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்தது.