சோளக்காட்டு நடுவே ஒரு கல்லூரி

அமெரிக்காவின் அயோவா மாநிலம். டெ மாயின் நகரிலிருந்து கிழக்கே காரில் ஒரு மணி நேரம், வழியெல்லாம் மக்காச்சோள வயல்கள். பத்தாயிரம் பேர்கூட இல்லாத கிரின்னல் என்ற சிற்றூர் வருகிறது. இங்குள்ள கிரின்னல் கல்லூரியில் மாணவர்கள் 2,000 பேருக்கும் குறைவு.

1947ல் டிரான்சிஸ்டர் பிறந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுக்குள் இயற்பியல் பேராசிரியர் கிராண்ட் கேல், விவரங்களைத் தேடிப்பிடித்து இந்தக் கிராமத்து வகுப்பில் பாடமாக்கிவிட்டார். கேட்டுச் சொக்கிப்போன மாணவர் ராபர்ட் நொய்ஸ், 1968ல் இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர். இன்று அறிவியல் கட்டடமே அவர் பெயரில்தான் நிற்கிறது.

இங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பவர் இசை, வரலாறு, தத்துவமும் சேர்த்துப் படிக்கலாம். பிரிவு எதுவானாலும் எல்லோருக்கும் பொதுவான கட்டாயப் பாடம் ஒன்றே ஒன்று: முதல் பருவத்தில் எழுதவும் விவாதிக்கவும் பழக்கும் வகுப்பு. சின்ன வகுப்பு என்பதால் கடைசி பெஞ்சில் ஒளிய முடியாது.

குறையும் உண்டு. பெரிய பல்கலைக்கழகம் அளவுக்குக் கணினிப் பாடங்கள் இருக்காது; கட்டணமும் அதிகம். உதவித்தொகையை விசாரித்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

பிள்ளைக்குக் கல்லூரி தேடும்போது கட்டடத்தைப் பாருங்கள். அங்குள்ள ஆசிரியருக்கு மாணவர்களின் பெயர் தெரிகிறதா என்றும் பாருங்கள்.