பெட்டிதான் அளவுகோல்

மாதிரி ரயில் அமைப்பில் பலவற்றைக் கூட்டிக் குறைத்து வைக்கலாம். நடைமேடையைப் பாதியாக்கலாம், மலையைக் குட்டையாக்கலாம், ஊரையே நாலு கட்டடத்தில் முடித்துவிடலாம். பார்ப்பவர் கண் அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளும். கன்டெய்னர் கிரேனில் அந்தச் சலுகை பாதிதான் உண்டு. காரணம், அதன் கீழே தொங்கும் பெட்டி. 40 அடி நீளம், 8 அடி அகலம், எட்டரை அடி உயரம். சாலையில் ட்ரெய்லர்களில் பார்த்துப் பார்த்து அந்த உருவம் எல்லோர் மனத்திலும் பதிந்துவிட்டது. எச்.ஓ. அளவில், அதாவது 1:87-இல், அது 140 மி.மீ. நீளம், 28 மி.மீ. அகலம், 30 மி.மீ. உயரம். கிரேனின் எந்த உறுப்பு பொய் சொன்னாலும் பெட்டி காட்டிக்கொடுத்துவிடும்.

நான் செய்துவருவது சென்னைத் துறைமுகத்தின் பாரதி டாக் பகுதியை. 1983 டிசம்பரில் அங்கே கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது. உள்ளே கேமராவோடு நினைத்தபடி போய்விட முடியாது. காசிமேடு பக்கமிருந்து தெரியும் உருவமும், கிரேன் தயாரிப்பாளர்கள் வெளியிடும் பொது அமைப்பு வரைபடங்களும்தான் எனக்கு ஆதாரம். வரைபடத்தை விரித்ததும் முதலில் மிரட்டுவது அளவுதான். இன்றைய கரையோர கிரேன்களில் இரு தண்டவாளங்களுக்கு இடையே 100 அடி பரவலாக இருக்கிறது. 1:87-இல் 350 மி.மீ. கடலுக்கு மேல் நீளும் பூம், கரைக்கு மேலுள்ள பகுதி, பின்பக்க நீட்சி எல்லாம் சேர்ந்தால், பனாமா கால்வாயின் பழைய அளவுக் கப்பல்களுக்கான கிரேனே ஒரு மீட்டரை நெருங்கிவிடும். பூமைத் தூக்கி நிறுத்தினால் கூரை விசிறியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கும்.

ஆகவே எதைச் சுருக்குவது என்று முடிவெடுத்தாக வேண்டும். பழைய கிரேன்களில் பரவலாக இருந்த 50 அடி இடைவெளியை எடுத்துக்கொண்டேன்; 175 மி.மீ.யில் முடிந்தது. பூமின் கடல்பக்க நீளத்தையும் பின்பக்க நீட்சியையும் வெட்டினேன். கடல் எவ்வளவு தூரம் என்று யாரும் அளப்பதில்லை. ஆனால், கரையோரமாக நிற்கும் இரண்டு கால்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் கைவைக்கவில்லை. 40 அடிப் பெட்டி அதன் வழியாகத்தான், நீளம் கரைக்கு இணையாக, கப்பலிலிருந்து கரைக்கு வருகிறது. 45 அடிப் பெட்டியும் கப்பலின் பெரிய மூடிகளும்கூட அதே வழியில்தான் வந்தாக வேண்டும். அந்த இடைவெளியைச் சுருக்கிய மாதிரிகளில் பெட்டி கால்களில் இடிக்கும், அல்லது மயிரிழையில் தப்பும். இரண்டுமே பொய். நம் அகலப்பாதை 1676 மி.மீ.; 1:87-இல் 19 மி.மீ.க்கு மேல் வர வேண்டும். கிடைக்கும் தண்டவாளமோ 16.5 மி.மீ. ரயிலில் அந்தச் சமரசத்தை ஏற்றுக்கொண்டு நிம்மதியாக இருக்கிறேன். கிரேன் காலில் ஏற்க மனம் வரவில்லை.

பெட்டியைக் கவ்வித் தூக்கும் ஸ்ப்ரெட்டரிலும் அப்படியே. பெட்டியின் எட்டு மூலைகளிலும் ஓட்டையுள்ள வார்ப்புகள் இருக்கின்றன. ஸ்ப்ரெட்டரின் நான்கு ட்விஸ்ட்லாக்குகள் மேல் ஓட்டைகளில் இறங்கி, 90 டிகிரி திரும்பிக் கவ்விக்கொள்ளும். 1950-களில் கன்டெய்னர் போக்குவரத்தின் முன்னோடி மால்கம் மெக்லீனிடம் வேலை செய்த பொறியாளர் கீத் டான்ட்லிங்கரின் மூளையில் உருவானது அது. 40 அடிப் பெட்டியில் ஓட்டைகளின் மையங்களுக்கு இடையே நீளவாக்கில் 11.985 மீட்டர், அகலவாக்கில் 2.259 மீட்டர். மாதிரியில் 137.8 மி.மீ., 26 மி.மீ. இந்த இரண்டு எண்களையும் மேசைக்கு எதிரே சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஸ்ப்ரெட்டர் மூலைகளில் மடிந்து இறங்கும் வழிகாட்டித் தகடுகளைப் பல கிட்டுகளில் விட்டுவிடுகிறார்கள். அவை இல்லாவிட்டால் ஸ்ப்ரெட்டர் வெறும் சட்டம்தான்.

அடுத்து, பூமைத் தாங்கும் சாய்வுத் தண்டுகள். கோபுர உச்சியிலிருந்து பூம் நுனி வரை போகும் இவற்றை நூலால் கட்டிவிடுவது வழக்கம். தூரத்திலிருந்து பார்க்கும்போது கயிறு போலத்தான் தெரியும். உண்மையில் அவை இரும்புத் தண்டுகள், நடுவே ஊசி போட்ட மூட்டுகளோடு. பூம் கிடையாக இருந்து வேலை செய்யும்போது அதை மேலிருந்து தாங்குபவை அவைதான். பூமைத் தூக்கும் கயிறுகள் அப்போது பாரம் சுமப்பதில்லை. கப்பல் அணையவோ கிளம்பவோ பூமை நிமிர்த்தும்போது தண்டுகள் முழங்கால் போல மடிந்துகொள்ளும். 1 மி.மீ. பித்தளைக் கம்பியைத் தட்டையாக்கி, நுனியில் துளையிட்டு, ஊசி செருகிச் செய்தால் அந்த மடிப்பு தானாக வருகிறது. எங்கே எவ்வளவு மடிய வேண்டும் என்று நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்டின் நீளங்கள் சரியாக இருந்தால் போதும்.

காலின் அடியில் இருக்கும் சக்கர அமைப்பில்தான் நான் மிக அதிகமாக நேரம் செலவழிக்கிறேன். பெரிய கிரேன்களில் மூலைக்கு எட்டுச் சக்கரங்கள், மொத்தம் 32 என்பது பரவலான ஏற்பாடு. கால் ஒரு பெரிய உத்தரத்தின் நடுவில் ஊசியால் அமர்கிறது. அதன் இரு முனைகளிலும் நடுத்தர உத்தரங்கள். அவற்றின் முனைகளில் இரட்டைச் சக்கர போகிகள். ஒவ்வொரு ஊசியிலும் பாரம் சரிபாதியாகப் பிரிகிறது. தண்டவாளம் எங்காவது சற்றுத் தாழ்ந்திருந்தாலும் எந்தச் சக்கரமும் தன் பங்குக்கு மேல் சுமக்காது. மாதிரியில் இதையெல்லாம் ஒட்டிவிடலாம், யாருக்கும் தெரியாது. நான் ஒட்டுவதில்லை. சென்னை ஈரக்காற்றில் பிளைவுட் பலகை கொஞ்சமாவது வளையும். ஊசிகள் நிஜமாகவே அசைந்தால் கிரேன் அந்த வளைவை விழுங்கிக்கொண்டு நேராக நிற்கிறது. நிஜக் கிரேனில் எதற்காக அந்த உறுப்பு இருக்கிறதோ, மாதிரியிலும் அதே வேலையை அது செய்வதைப் பார்ப்பது எனக்கு இந்தக் கைவேலையின் பெரிய சந்தோஷம்.

ஆனால், கூடவே சுருங்க மறுப்பவையும் உண்டு. நீளம் 87-இல் ஒரு பங்கானால் கன அளவு 6,58,503-இல் ஒரு பங்காகிவிடும். 10 டன் ஸ்ப்ரெட்டர் மாதிரியில் 15 கிராம்தான் இருக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் செய்தால் அதுகூட வராது. நூலின் விறைப்போ சுருங்குவதில்லை. சுருள் விட்ட நூலில் ஸ்ப்ரெட்டர் கோணலாகத் தொங்கும். அதனால் ஸ்ப்ரெட்டரைப் பித்தளையில் செய்து, உள்ளே ஈயத்துண்டு வைக்கிறேன். கயிற்றுக்கு 0.3 மி.மீ. நூல், மெழுகில் இழுத்து நீவியது. நீவாவிட்டால் அதன் மேலுள்ள பஞ்சிழைகள் 1:87-இல் புதர்போலத் தெரியும்.

எடையைக் கூட்டினால் நூல் நேராகும், ஆட்டத்தின் வேகம் குறையாது. ஊசலின் நேரத்தை முடிவு செய்வது கயிற்றின் நீளம். பூமின் வழியே ஓடும் ட்ராலியிலிருந்து 20 மீட்டர் கயிற்றில் தொங்கும் பெட்டி ஒருமுறை போய்வர 9 விநாடி ஆகும். மாதிரியில் அதே கயிறு 23 செ.மீ.; ஒரு விநாடிகூட ஆகாது. ராயபுரத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற கிரேன் ஆபரேட்டர் ஒருவர் என் மாதிரி ஓடுவதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, பெட்டி இப்படித் துடிக்காது. மெதுவாத்தான் ஆடும். நாம ட்ராலியை ஓட்டிட்டுப் போய் அது தலைக்கு மேல நிக்கணும், ஆட்டம் அடங்கிடும்." ஆட்டத்தைப் பிடிப்பது என்று அவர்கள் சொல்லும் வித்தை அது. காலுக்குக் கீழே கண்ணாடித் தரை வைத்த கேபினிலிருந்து, நாள் முழுக்க அதைச் செய்கிறார்கள்.

ஒரு விநாடி ஆட்டத்தைக் கையால் பிடிக்க முடியாது. ஆடவிடாமல் இருப்பதே வழி. ட்ராலி நிமிடத்துக்கு 150 மீட்டர் ஓடுவதாகக் கொண்டால் மாதிரியில் விநாடிக்கு 3 செ.மீ.க்கும் குறைவு. தூக்கும் வேகம் நிமிடத்துக்கு 60 மீட்டர் என்றால் விநாடிக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். ரிச்சி தெருவில் வாங்கிய கியர் மோட்டாரும் சிறிய கட்டுப்பாட்டுப் பலகையும் அந்த வேகத்தைத் தருகின்றன. புறப்படும்போதும் நிற்கும்போதும் வேகம் மெல்ல ஏறி மெல்ல இறங்குமாறு வைத்திருக்கிறேன். நூல்களை ட்ராலியில் அகலமாகவும் ஸ்ப்ரெட்டரில் சற்றுக் குறுகலாகவும் கட்டினால் மீதி ஆட்டமும் அடங்கிவிடும். சரியான வேகத்தில் ஓடும் கிரேன் பார்ப்பவரின் பொறுமையைச் சோதிக்கும். அதற்காக வேகத்தைக் கூட்ட நான் தயாரில்லை. நிஜத்தில் ஒரு பெட்டிக்கு இரண்டு நிமிடம் ஆகிறது. பார்க்க வந்தவர் அதையும் பார்க்கட்டும்.

மற்ற நுணுக்கங்களில் கைப்பிடிக் கம்பிதான் முக்கியம். கிட்டில் வரும் பிளாஸ்டிக் கம்பி, மனிதன் தொடையளவு தடிமனாக இருக்கும். பழைய ட்ரான்ஸ்ஃபார்மரில் சுற்றிய செம்புக் கம்பி 0.4 மி.மீ.யில் கிடைக்கிறது, உயரம் 12.6 மி.மீ. வைத்தால் 1.1 மீட்டர் சரியாக வரும். துருவை வெல்டிங் இணைப்புகளிலிருந்தும் போல்ட்டுகளிலிருந்தும் கீழ்நோக்கி ஒழுகவிட வேண்டும், எல்லா இடத்திலும் தூவக் கூடாது. ட்ராலித் தண்டவாளத்தின் மேல்முகம் பளபளக்க வேண்டும். கப்பித் தட்டுகளுக்குக் கீழே கிரீஸ் கறுப்பு. புயல் கூண்டு ஏற்றும் ஊர் இது; கிரேனைப் பூட்டி வைக்கும் முளைகளுக்கான இரும்புக் குழிகளைக் கரைத் தளத்தில் காட்டாமல் விடக் கூடாது.

கடைசியாக ரயில். மாதிரி அமைப்புகளில் கரையோர கிரேனின் காலுக்கு நடுவிலேயே தண்டவாளம் போட்டு, கப்பலிலிருந்து நேராக வேகனில் இறக்கிவிடுகிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் பெரும்பாலான துறைமுகங்களில் பெட்டி முதலில் ட்ரெய்லரில் யார்டுக்குப் போகிறது. அங்கே காத்திருந்த பிறகுதான் ரயில். இங்கே ஒரு முழு ரேக் என்றால் 45 வேகன். முனைகளில் இரண்டு பி.எல்.சி.ஏ. வகை கன்டெய்னர் வேகன், நடுவே மூன்று பி.எல்.சி.பி. வகை சேர்ந்த ஐந்து வேகன் அலகு ஒன்றே என் மேசைக்குப் போதும். கப்பலுக்கும் அந்த ஐந்து வேகனுக்கும் இடையே யார்டுக்கு 60 செ.மீ. ஒதுக்கியிருக்கிறேன். வேகனில் ஏற்ற, நீளும் கையால் பெட்டியைத் தூக்கும் வண்டியான ரீச் ஸ்டாக்கர் ஒன்று வேண்டும். அதன் கை நீளும்போது 40 அடிப் பெட்டி கிடையாகவே இருக்க வேண்டும். ஸ்ப்ரெட்டரின் அளவு அதற்கும் 137.8-தான்.