பாம்பின் விலை

பாம்பைக் காசு கொடுத்து வாங்கலாம் என்பதே தமிழ் மனத்துக்குச் சற்று விசித்திரமான செய்திதான். பாம்பு நம்மைத் தேடி வருவது. நாம் போய் வாங்கி வருவதன்று. புற்றிலிருந்து வரும், வைக்கோற்போரிலிருந்து வரும், கனவிலும் வரும். இரவில் அதன் பெயரைச் சொல்லக்கூடாது என்று 'பூச்சி' எனக் குறிப்பிடும் வீடுகளில் வளர்ந்தவர்கள் நாங்கள். வட கரோலினாவில் குடியேறிய பின்னர், பதின்மூன்று வயது மகள் பாம்பு வளர்க்க வேண்டும் என்று கேட்டபோது, எங்களுக்கு முதலில் எழுந்தது அச்சம். அதைக் காட்டிக்கொள்ளாமல் கேட்ட கேள்வி, "என்ன விலை?" என்பது.

நாற்பது டாலர் என்றாள். குடும்பத்தோடு ஒருவேளை வெளியே சாப்பிட்டால் அதற்கு மேல் ஆகிவிடும்.

அவள் கேட்டது சோளப்பாம்பு. நியூ ஜெர்சியிலிருந்து ஃப்ளோரிடா வரையிலும், மேற்கே லூசியானா வரையிலும் இயற்கையாக வாழ்வது. நம் சாரையும் இதுவும் ஒரே குடும்பம், நஞ்சில்லாதது, எலியை இறுக்கிக் கொன்று விழுங்குவது. அடிவயிற்றில் கறுப்பும் வெளுப்புமாகக் கட்டங்கள் ஓடும். பலநிற மணிகள் கொண்ட அமெரிக்கச் சோளக் கதிரை அது நினைவூட்டுவதால் இப்பெயர் என்பர். சோளம் சேமிக்கும் குதிர்களில் எலி தேடி வந்ததால் வந்த பெயர் என்பாரும் உளர். லின்னேயஸ் 1766இலேயே இதற்கு அறிவியற்பெயர் இட்டுவிட்டார். செம்பழுப்புப் பட்டைகளைக் கண்டு நஞ்சுள்ள காப்பர்ஹெட் என்று எண்ணி இதை அடித்துக் கொல்பவர்கள் இன்றும் உண்டு. நம் ஊரில் தண்ணீர்ப்பாம்புக்கும் சாரைக்கும் நேர்வதுதான்.

கடைகளில் இருப்பவை காட்டில் பிடித்தவை அல்ல, பல தலைமுறைகளாகக் கூண்டில் பிறந்தவை. 1953இல் இதே வட கரோலினாவில் கருநிறமி இல்லாத சோளப்பாம்பு ஒன்று பிடிபட்டது. பெர்னார்ட் பெக்டெல் என்ற தோல் மருத்துவர் அதைக் கொண்டு இனப்பெருக்கம் செய்து, அந்நிறம் எவ்வாறு மரபுவழி இறங்குகிறது என்று ஆராய்ந்தார். இன்று செந்நிறம், வெண்மை, சாம்பல் எனப் பல நிறங்களில் விற்கப்படும் பாம்புகளுக்கெல்லாம் அதுவே தொடக்கம் எனலாம். அரிய நிறத்துக்கு நூற்றுக்கணக்கில் டாலர் கேட்கிறார்கள். இயல்பான நிறம்தான் மலிவு. பாம்புக்கு அந்த வேறுபாடு தெரியாது, வாங்குகிறவருக்குத்தான் தெரியும்.

தமிழகத்தில் இருந்து வாசிப்பவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பது குற்றம். அயல்நாட்டுப் பாம்புகள் மீதான ஆசை எதில் முடிகிறது என்பதற்கு 2023 ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில் பிடிபட்ட பைகளே சான்று. பாங்காக்கிலிருந்து வந்து உரிமை கோருவாரின்றிக் கிடந்த அப்பைகளில் மலைப்பாம்புகளோடு சோளப்பாம்புகளும் அடைக்கப்பட்டிருந்தன. அமெரிக்காவிலும் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். தமிழர் நிறைந்த நியூ ஜெர்சியில் இது அழியும் நிலையிலுள்ள உயிரினம்; அனுமதி பெறாமல் வைத்திருக்க முடியாது. விலையைக் கேட்பதற்கு முன் விதியைக் கேட்க வேண்டும்.

நாங்கள் முந்நூறு டாலர் என்று வரம்பு வைத்தோம். மகளிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்துக் கணக்கு எழுதச் சொன்னோம். அவள் எழுதி வந்த பட்டியலின் மொத்தத் தொகையில் பாம்பின் விலை ஒரு சிறு பகுதிதான். வளர்ந்த சோளப்பாம்பு நான்கைந்து அடி நீளம் இருக்கும். அது உடலை நீட்டிக் கிடக்க நான்கடி நீளம், இரண்டடி அகலமுள்ள கூண்டு வேண்டும். புதிதாக வாங்கினால் அது ஒன்றே இருநூறைத் தாண்டுகிறது. வெப்பப் பாய் 25, தெர்மோஸ்டாட் 35, இரண்டு வெப்பமானிகள் 15, ஆஸ்பன் மரச்சீவல் ஒரு பை 15. வெப்பமான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என ஒளிந்துகொள்ள இரண்டு பொந்துகள். கவிழாத நீர்க்கிண்ணம். பூட்டக்கூடிய மூடி, ஏனெனில் சோளப்பாம்பு தலை நுழையும் எந்த இடைவெளி வழியாகவும் உடலையும் கொண்டுபோய்விடும்.

இப்பட்டியலில் எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக்கூடாது என்பதுதான் சிக்கனத்தின் உண்மையான கேள்வி. பொந்துக்குக் கடையில் விற்கும் பிளாஸ்டிக் பாறை தேவையில்லை. வாசல் வெட்டிய அட்டைப்பெட்டி போதும். நீர்க்கிண்ணத்துக்குச் சமையலறையின் பழைய பீங்கான் போதும். ஏறி விளையாட, தோட்டத்தில் ஒடிந்த கிளையைச் சுத்தம் செய்து வைக்கலாம். கூண்டைப் பழையதாக வாங்கிக் கழுவிக்கொள்ளலாம். ஆனால் தெர்மோஸ்டாட்டில் மிச்சம் பிடிக்க முடியாது. கட்டுப்பாடு இல்லாத வெப்பப் பாய் 40 பாகை செல்சியசைத் தாண்டும், அடிவயிறு வெந்துபோகும். பாம்புக்கு வேண்டியது ஒரு பக்கம் 30 பாகை அளவு, மறுபக்கம் 25 பாகை அளவு. தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்க இயலாத உயிர் அது. இரு பக்கங்களுக்கும் இடையே நகர்ந்துதான் செரிக்கவும் ஓய்வெடுக்கவும் செய்கிறது. அதுபோலவே மலிவாகக் கிடைக்கிறதென்று தேவதாருச் சீவலைப் பரப்பினால் அதன் நெடி பாம்பின் மூச்சைக் கெடுக்கும். நாம் மிச்சம் பிடிக்கும் முப்பது டாலரைப் பாம்பு தன் தோலாலும் நுரையீரலாலும் செலுத்துகிறது. வாய்விட்டுக் கத்தத் தெரியாத உயிரின் செலவில் சிக்கனம் செய்வது எளிது.

அடுத்தது உணவு. எங்களுடையது சைவ வீடு. முட்டை கூட வீட்டுக்குள் வந்ததில்லை. பாம்பின் உணவோ எலி. பால் குடிக்கும் பாம்பு பக்தியில்தான் உண்டு, உயிரியலில் இல்லை. ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த அம்மா, "ஆடி மாசம் புத்துக்குப் பால் ஊத்துறோம், அது நியாயம். அதைக் கூட்டிட்டு வந்து நடுவீட்டுல வெச்சு எலி ஊட்டணுமா?" என்றார்கள். அக்கேள்வியைச் சிரித்துக் கடக்க எங்களால் முடியவில்லை.

இங்கே எலிகளைக் கரியமில வாயுவால் கொன்று உறையவைத்து விற்கிறார்கள். உயிருள்ள எலியைக் கூண்டுக்குள் விட்டால் அது பாம்பைக் கடித்துக் குதறிவிடலாம். எனவே உறைந்ததை இளக்கி, இடுக்கியால் பிடித்துக் கொடுப்பதே இருவர்க்கும் நல்லது. மகள் இதையும் கணக்கிட்டாள். குட்டிப் பாம்பை வாங்கினால் முதல் இரண்டு ஆண்டுகள் வாரம் ஒன்று, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று. இருபது ஆண்டு வாழ்ந்தால் 572 எலிகள். அந்த எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு அவளும் சற்று நேரம் பேசாதிருந்தாள்.

நாங்கள் அவளுக்குச் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் எங்களுக்குள் பேசிக்கொண்டோம். எங்கள் நண்பர்களின் சைவ வீடுகளில் பூனைகள் இருக்கின்றன. பூனையின் தகர டப்பாவுக்குள்ளும் மீனும் கோழியும்தான் இருக்கின்றன. அவற்றின் முகம் தெரிவதில்லை, அவ்வளவுதான். பாம்புக்கு ஊட்டும்போது எலி எலியாகவே, வாலும் மீசையுமாக நம் கையிலிருக்கும். கொலையை மறைக்காத உணவு அது. புலால் மறுத்தல் என்பது கண்ணுக்குத் தெரியாமல் வைத்துக்கொள்வதா, தெரிந்துகொண்டு பொறுப்பேற்பதா என்பதை நாங்கள் இத்தனை காலம் யோசித்ததில்லை. இதற்கு முடிவான விடை கிடைத்துவிட்டது என்று சொல்லவரவில்லை. புலியைப் புல் தின்னச் சொல்ல முடியாது. ஆனால் புலியை வீட்டுக்கு அழைத்து வருவது நம் விருப்பம். அந்த விருப்பத்துக்கு நாம்தான் பொறுப்பு. அம்மாவின் கேள்வியில் இருந்த நியாயம் இதுதான்.

உறைந்த எலியிலும் சால்மோனெல்லா கிருமி சாவதில்லை என்பதால் சமையலறைக் குளிர்பெட்டியில் அதற்கு இடமில்லை என்று முடிவாயிற்று. கராஜில் வைக்கப் பழைய சிறு ஃப்ரீசர் ஒன்றை அறுபது டாலருக்கு வாங்கினோம். பாம்பின் விலையைவிட எலிப்பெட்டியின் விலை கூடிவிட்டது. ஊர்வன எல்லாவற்றின் தோலிலும் இக்கிருமி இருக்கக்கூடும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீடுகளில் பாம்பும் ஆமையும் வேண்டாம் என்கிறார்கள் மருத்துவர்கள். 1975இல் நான்கு அங்குலத்துக்குக் குறைவான ஓடுள்ள ஆமைகளின் விற்பனையை அமெரிக்க அரசு தடை செய்ததும் இதனால்தான். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவதற்கு மட்டும் செலவில்லை.

இவ்வளவு எழுதியும் பட்டியலில் விடுபட்டிருந்த ஒன்றைச் சுட்டியவர்கள் நாங்கள்தாம். சோளப்பாம்பு பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழும். மகளோ ஐந்தாண்டுகளில் கல்லூரிக்குப் போய்விடுவாள். விடுதிகளில் பாம்பை அனுமதிப்பது அரிது. ஆகவே நாற்பது டாலர் கொடுத்து அவள் வாங்கப்போவது தன் பாம்பை அல்ல, எங்கள் பாம்பை. அவள் வேலைக்குப் போய், மணமுடித்து, பிள்ளை பெற்ற பின்னும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எலியை இளக்கப்போவது அறுபதை எட்டிக்கொண்டிருக்கும் எங்கள் கைகள்தாம். இதற்கு உடன்படுகிறோமா என்று நாங்கள் எங்களையே கேட்டுக்கொள்ள ஒரு மாதம் ஆயிற்று.

அந்த மாதத்தில்தான் கைவிடப்பட்ட பாம்புகளைப் பற்றி அறிந்தோம். வாங்கியவர்கள் ஊர் மாறுகிறார்கள், வாடகை வீட்டுக்காரர் மறுக்கிறார், பிள்ளைகளுக்கு ஆர்வம் தீர்ந்துவிடுகிறது. இவ்வாறு திரும்பி வரும் பாம்புகளை ஏற்றுப் பராமரித்து வேறு வீடு தேடித்தரும் ஆர்வலர்கள் இங்கே உண்டு. அவர்களுள் ஒருவரிடம் ஆறு வயதான ஆண் சோளப்பாம்பு ஒன்று இருந்தது. கல்லூரி மாணவர் ஒருவர் படிப்பு முடிந்து வேற்றூர் போகையில் விட்டுச்சென்றது. கூண்டு, தெர்மோஸ்டாட், பொந்துகள் உட்பட நூற்றைம்பது டாலர் கேட்டார்.

சிக்கனத்தை மட்டும் எண்ணினாலும் இதுவே சிறந்தது என்பது குறிப்பேட்டில் தெளிவாயிற்று. வளர்ந்த பாம்பு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உண்டால் போதும். குட்டிகளைப்போல் உணவை மறுத்து மெலிந்து பயமுறுத்துவது குறைவு. மனிதக் கை பழகியிருக்கும். கண் தெளிவாக இருக்கிறதா, வாய்விட்டு மூச்சு வாங்குகிறதா, செதில்களுக்கிடையே உண்ணி ஓடுகிறதா, முதுகெலும்பு துருத்துகிறதா என்று பார்த்துக்கொண்டோம். கடைசியாக எப்போது, என்ன உண்டது என்று எழுதி வாங்கினோம். ஃப்ரீசரோடு சேர்த்து 210 டாலர். எஞ்சிய தொண்ணூறை, ஊர்வன மருத்துவரிடம் ஒருமுறை காட்டுவதற்கென்று உறையில் போட்டு வைத்தோம்.

முதல் வாரம் யாரும் தொடவில்லை. பாம்புக்கு அதுதான் விருந்தோம்பல். எட்டாம் நாள் இரவு இடுக்கியிலிருந்த எலியைக் கவ்விச் சுற்றிக்கொண்டது. அம்மா அறைக்கு வெளியே நின்றிருந்தார்கள். "சாப்பிட்டுடுச்சா?" என்ற ஒரே கேள்வி. எங்கள் வீட்டில் யார் வந்தாலும் அவர்கள் முதலில் கேட்பது அதுதான். உண்டபின் இரண்டு நாள் அதைத் தூக்கக்கூடாது என்று மகள் அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் வாரத்தில் கண்களில் பால்போல் நீலம் படர்ந்தது. சில நாட்களில் தெளிந்தது. பின்னர் ஒரு காலையில் மூக்கிலிருந்து வால் நுனிவரை கிழியாமல் சட்டையை உரித்துப் போட்டிருந்தது. கிழியாத சட்டை என்றால் கூண்டின் ஈரப்பதம் சரியாக இருக்கிறது என்று பொருள். மகள் அதை அளந்து குறிப்பேட்டில் எழுதினாள். உரித்த சட்டை உடலைவிட நீளும் என்பதால் அந்த அளவை நம்பக்கூடாது என்றும் அதன் கீழேயே எழுதிக்கொண்டாள்.

முதற்பாம்பு வாங்க நினைப்பவர்கள் அவ்வப்போது எங்களிடம் விலை கேட்கிறார்கள். நாங்கள் அந்தக் குறிப்பேட்டைக் கொடுக்கிறோம். பெரும்பாலோர் தெர்மோஸ்டாட் வரைக்கும் தலையசைத்து வருவார்கள். எலியின் கணக்கில் தயங்குவார்கள். ஆண்டுக் கணக்கில் குறிப்பேட்டை மூடிவிடுவார்கள். மூடிவிட்டவர்களைக் குறித்து எங்களுக்கு வருத்தமில்லை. ஒரு பாம்பு இன்னொரு முறை கைமாறாமல் தப்பியது என்றே கொள்கிறோம். அதற்கு இன்னும் பதினான்கு ஆண்டுகள் இருக்கக்கூடும். எங்களுக்கும் அவ்வளவாவது இருக்க வேண்டும்.