வந்தவரும் சென்றவரும்

கால்பந்துக் குழுக்களுக்கும் வரவு செலவுக் கணக்கு உண்டு. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் விரும்பிய குழுவில் சேரலாம். பழைய குழுவிற்குப் பொதுவாகப் பணம் கிடைக்காது. பெல்ஜியத்தைச் சேர்ந்த போஸ்மன் தொடுத்த வழக்கில், 1995இல் ஐரோப்பிய நீதிமன்றம் இவ்வுரிமையை நிலைநாட்டியது.

காலாப்பட்டில் மழை பெய்து மைதானம் நனைந்த மாலைகளில், நாங்கள் நோட்டுப் புத்தகத்தில் லீக் போட்டி நடத்துகிறோம். கோல்களைத் தாயக்கட்டை முடிவு செய்யும். அதற்குமுன் ஒவ்வொரு குழுவிற்கும் வந்தவர், சென்றவர் என இரு பத்திகள் எழுதி மதிப்பெண் இடுவோம்.

தலைகளை எண்ணினால் போதாது என்பதற்குச் சென்னையின் எஃப்.சி. குழுவே சான்று. 2019-20 ஐ.எஸ்.எல். போட்டியில் அது இறுதி ஆட்டத்தை எட்டியது. லிதுவேனிய வீரர் வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்துத் தங்கக் காலணி வென்றார். பின்னர் அவரும் பயிற்சியாளர் ஓவன் காயிலும் ஜாம்ஷெட்பூர் குழுவிற்குச் சென்றனர். அடுத்த ஆண்டு சென்னை 20 லீக் ஆட்டங்களில் 17 கோல்களே அடித்து எட்டாமிடம் பெற்றது. ஆகவே, “சென்றவர் எத்தனை பேர்?” என்று நாங்கள் கேட்பதில்லை; “அவர் செய்த வேலையை இனி யார் செய்வார்?” என்றே கேட்கிறோம்.

இவ்வாண்டு எங்கள் பள்ளிக் குழுவிலிருந்து பத்தாம் வகுப்பு அக்காமார் நால்வர் விடைபெறுகின்றனர். கோல் காக்கும் அக்காவும் அவர்களுள் ஒருவர். பந்தைப் பிடிக்க வேறொருத்தி வருவாள். ஆனால், கோல் வாங்கியபின் அழும் சிறுமிகளை, “அடுத்த பந்தைப் பாருங்கடி!” என்று நிமிர்த்தும் குரலுக்கு எந்தப் பத்தியில் மதிப்பெண் இடுவது? அவ்வேலையை ஒருத்திமேல் சுமத்தாமல், எல்லோருமே பழகத் தொடங்கியிருக்கிறோம்.